நியாயப்பிரமாணமா, கிருபையா? ரோமர் 6:14-ஐயும் மத்தேயு 5:17-ஐயும் சேர்த்து எப்படி வாசிப்பது?

ஏட்டுவாசகன்:

அனைவருக்கும் வணக்கம். வாலிபர் வேதபாட வகுப்புக்கு "இரட்சிப்பில் நியாயப்பிரமாணத்தின் இடம்" என்ற பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். (நியாயப்பிரமாணம் என்பது மோசே மூலம் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள்.) வகுப்பில் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு அணியாக நிற்கிறார்கள்.

முதல் அணிக்கு ரோமர் 6:14. "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்" என்று பவுல் சொன்ன பிறகு பத்துக் கட்டளைகள் உட்பட எல்லாம் முடிந்துபோன விஷயம் என்கிறார்கள். அடுத்த அணி மத்தேயு 5:17, 18-ஐ எடுக்கிறது. அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது எதைத் தள்ள நமக்கு உரிமை இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இதற்கு நடுவில் ஒருவர் மத்தேயு 19:17-ஐக் கேட்டார். நித்தியஜீவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று வந்து கேட்டவனிடம் இயேசு, "கற்பனைகளைக் கைக்கொள்" (கட்டளைகளைக் கடைப்பிடி) என்றுதானே பதில் சொன்னார்? விசுவாசி என்று சொல்லவில்லையே? இன்னொருவர், பழைய ஏற்பாட்டுக் காலத்தார் நியாயப்பிரமாணத்தால் இரட்சிக்கப்பட்டார்கள், நாம் கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அது சரியா?

"இரண்டும் முக்கியம்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. வசனம் வசனமாகப் போகிற பதில் வேண்டும்.

—

பெரேயா:

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அதைச் சரியாகப் பிடித்தால் மற்றவற்றில் பாதி தெளிந்துவிடும்.

"அன்று பிரமாணத்தால், இன்று கிருபையால்" என்பது தவறு. ரோமர் 4-ம் அதிகாரத்தை பவுல் எழுதியதே அதை உடைக்கத்தான். அங்கே அவர் இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறார். அந்தத் தேர்வைக் கவனியுங்கள். ஒருவர் நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்னே வாழ்ந்த ஆபிரகாம். மற்றவர் அதன் கீழேயே வாழ்ந்த தாவீது.

ஆபிரகாமின் விஷயத்தில் பவுல் காலக்கணக்கை வைத்து வாதாடுகிறார். விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15:6-ல். விருத்தசேதனம், அதாவது உடன்படிக்கையின் அடையாளமாக ஆண்களின் நுனித்தோலை நீக்குவது, 17-ம் அதிகாரத்தில். இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயது (16:16), விருத்தசேதனத்தின்போது 99 (17:24). ஆகவே நீதிமான் என்று எண்ணப்பட்டுக் குறைந்தது 13 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அடையாளம் அவர் சரீரத்தில் வந்தது. "எப்பொழுது அப்படி எண்ணப்பட்டது?" என்று ரோமர் 4:10-ல் பவுல் கேட்கும் கேள்வியின் முழுப் பலமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சீனாய் பிரமாணமோ இன்னும் 430 வருஷம் கழித்து வந்தது என்று கலாத்தியர் 3:17-ல் சேர்த்துச் சொல்கிறார்.

தாவீதின் விஷயம் இன்னும் ஆழமானது. அவர் செய்தது விபசாரமும் கொலையும். விபசாரத்துக்கு லேவியராகமம் 20:10-ன்படி மரணம். கொலைபாதகனுடைய ஜீவனுக்காக மீட்கும்பொருள் வாங்கக்கூடாது என்று எண்ணாகமம் 35:31 கதவை அடைத்துவிடுகிறது. இதற்கென்று எந்தப் பலியும் ஏற்படுத்தப்படவில்லை. "பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்" என்று 51-ம் சங்கீதத்தில் அவர் சொல்வதைப் பலர் பக்தி அலங்காரமாக வாசித்துவிட்டுப் போகிறார்கள். பிரமாணத்தின் புத்தகத்தில் அவருக்குச் செலுத்த ஒன்றுமே மிச்சமில்லை என்பதுதான் அங்கே நிலவரம். அப்படிப்பட்டவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவருடைய 32-ம் சங்கீதத்தைத்தான் பவுல் ரோமர் 4:6-8-ல் எடுத்துக்காட்டுகிறார். பிரமாணத்தின் கீழே இருந்தவனும் கிருபையால்தான் பிழைத்தான்.

அப்படியானால் நீதிபரரான தேவன் அதை எப்படிக் கண்டும் விட்டுவிட்டார்? ரோமர் 3:25, 26 அதற்குப் பதில். முற்காலப் பாவங்களைத் தேவன் பொறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமை நீதியானதே என்று சிலுவையில் வெளிப்படையாகக் காட்டினார்.

நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்ட வரிசையையும் வகுப்பில் காட்டுங்கள். யாத்திராகமம் 12-ல் பஸ்கா, 14-ல் சமுத்திரத்தைக் கடந்தது, 19-ல் மூன்றாம் மாதம் சீனாய், 20-ல்தான் கட்டளைகள். "உன்னை எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற வரியோடுதான் பத்துக் கட்டளை ஆரம்பிக்கிறது. எகிப்தில் இருந்தவர்களிடம் மோசே இரண்டு கற்பலகையைக் கொண்டுபோய், "இதைக் கைக்கொண்டால் வெளியே விடுவேன்" என்று தேவன் சொன்னதாகச் சொல்லவில்லை.

இப்போது மத்தேயு 19. அந்த வாலிபனிடம் இயேசு சொன்ன பட்டியலை எண்ணிப் பாருங்கள்: கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி, தாய்தகப்பனைக் கனம்பண்ணுதல், பிறனை நேசித்தல். எது விடுபட்டிருக்கிறது? தேவனைப் பற்றிய கட்டளைகள் முழுவதும் இல்லை. "இச்சியாதிருப்பாயாக" (பிறனுடையதற்கு ஆசைப்படாதே) என்பதும் இல்லை. "இவைகளையெல்லாம் கைக்கொண்டிருக்கிறேன்" என்று அவன் துணிந்து சொல்ல முடிந்தது, சொல்லப்பட்டவை வெளியே தெரிகிற கட்டளைகள் என்பதால்தான். அடுத்து, "உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு" என்று இயேசு சொல்லும்போது, விடுபட்ட அந்தக் கட்டளைகளின்மேல் விரல் போய் விழுகிறது. அவன் துக்கத்தோடே போகிறான். பவுலும் ரோமர் 7:7-ல் தன்னை வீழ்த்தியது எது என்று சொல்ல அதே "இச்சியாதிருப்பாயாக" என்ற கட்டளையைத்தான் எடுக்கிறார். வெளியே இருந்து யாரும் சோதிக்க முடியாத கட்டளை அது ஒன்றுதான். மத்தேயு 19-ஐ 17-ம் வசனத்தோடு நிறுத்தினால் பிரமாணத்தால் ஜீவன் என்பதுபோலத் தெரியும். 26-ம் வசனம் வரை போங்கள்: "மனுஷரால் இது கூடாததுதான், தேவனாலே எல்லாம் கூடும்." இயேசு தட்டிக்கழிக்கவில்லை. கேட்டவனுடைய கேள்விக்கு நேர்ப்பதில் கொடுத்து, அந்தப் பதிலால் அவனை அளந்தார்.

ரோமர் 6:14-க்கு வருவோம். "கீழ்ப்பட்டிருத்தல்" என்றால், குற்றத்தீர்ப்புச் சொல்லும் அதிகாரமாகப் பிரமாணம் ஒருவன்மேல் இருப்பது. 7:1-6-ல் பவுல் அதையே, மரணத்தால் மனைவி கணவனுடைய பிரமாணத்திலிருந்து விடுபடுவதை வைத்து விளக்குகிறார். கலாத்தியர் 3:13-ன்படி அதன் சாபம் கிறிஸ்துவின்மேல் விழுந்து தீர்ந்தது. ஆனால் முதல் அணி 6:14-ல் பாதியை மட்டும் வாசிக்கிறது. அந்த வசனத்தின் மறுபாதி, "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதன் பலனாகப் பவுல் சொல்வது பாவத்தின் ஆளுகை முடிவதைத்தான். அடுத்த வசனத்திலேயே, அப்படியானால் பாவஞ்செய்யலாமா என்று கேட்டு, கூடாது என்கிறார். ரோமர் 13:9-ல் கட்டளைகளைப் பேர்பேராகச் சொல்லி, அன்பில் அவை அடங்கும் என்கிறார்.

மத்தேயு 5 அணி விடுவது வேறொன்றை. "நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்றவர் அடுத்த வரிகளில் கொலையைக் கோபம் வரைக்கும், விபசாரத்தைப் பார்வை வரைக்கும் கொண்டுபோகிறார். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தன்னை நீதிமான் என்று சொல்ல அந்த அணியில் யாராலும் முடியாது.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்யலாம். ஒவ்வொரு வசனத்திடமும் கேளுங்கள்: "நான் எதனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறேன்?" என்பதற்கு இது பதிலா, "ஏற்றுக்கொள்ளப்பட்டவன் எப்படி நடக்கவேண்டும்?" என்பதற்குப் பதிலா? ரோமர் 3:28, கலாத்தியர் 2:16 முதல் கேள்விக்கு. ரோமர் 13, 1 கொரிந்தியர் 7:19 இரண்டாவதற்கு. எபேசியர் 2:8-10 இரண்டுக்கும், அதுவும் வரிசையோடு: "கிரியைகளினால் உண்டானதல்ல", உடனே "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு." முதல் கேள்விக்கான இடத்தில் இரண்டாவதன் பதிலை வைத்தால், விருத்தசேதனத்தை நிபந்தனையாக்கப் பார்த்த கலாத்தியா சபைக்கு நேர்ந்தது நேரும். மாற்றி வைத்தால், யூதா 4-ல் சொன்னபடி கிருபையைக் காமவிகாரத்துக்கு ஏதுவாகப் புரட்டுவதாகும்.

—

அருள்வழி:

கத்தோலிக்கப் பார்வையையும் வகுப்பில் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். "கத்தோலிக்கர் செயல்களால் மீட்புத் தேடுகிறார்கள்" என்ற ஒரு வரி அடிக்கடி காதில் விழுகிறது. அது எங்கள் திருச்சபை எதைக் கண்டனம் செய்ததோ அதுதான்.

1547 ஜனவரி 13 அன்று எங்கள் ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில், கடவுளுக்கு ஏற்புடையவராதல் (நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பது) பற்றிய ஏட்டை வெளியிட்டது. 16 அதிகாரங்கள், 33 விதிகள். முதல் விதியே, இயேசு கிறிஸ்து வழியாக வரும் அருள் இன்றி மனிதர் தம் சொந்தச் செயல்களால் கடவுள்முன் ஏற்புடையவராகலாம் என்பவரைச் சபிக்கிறது. எட்டாம் அதிகாரம், ஏற்புடையவராகும் அருளுக்கு முந்திவரும் எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்கிறது. இந்த வழக்கு அதற்கும் முன்பே தீர்க்கப்பட்டது. மனிதர் தம் இயல்பான ஆற்றலாலேயே கட்டளைகளைக் காக்கலாம் என்ற பெலாஜியுசின் போதனைக்கு எதிராகப் புனித அகுஸ்தீன் எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. 529-இல் ஒராஞ்சு சங்கம், நம்பிக்கையின் தொடக்கம்கூட அருளின் கொடையே என்று சொன்னது.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. புராட்டஸ்டன்டு சீர்திருத்த சபைகள், கிறிஸ்துவின் நீதி நம்பும் மனிதர்மீது எண்ணப்படுகிறது, அந்தத் தீர்ப்பே ஏற்புடைமை என்கின்றன. நாங்கள், அருள் மனிதரின் உள்ளே பொழியப்பட்டு அவரை உண்மையாகவே நேர்மையாளராக்குகிறது, பாவமன்னிப்பும் உள்ளத்தின் புதுப்பிப்பும் சேர்ந்த ஒரே நிகழ்வு அது என்கிறோம். ஆகவே எங்களுக்கு ஏற்புடைமை வளரக்கூடியது. சாவான பாவத்தால் இழக்கக்கூடியது. ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) மீண்டும் பெறக்கூடியது. அருளில் நிற்பவர் அன்பினால் செய்யும் செயலுக்குப் பேறுபலன் உண்டு என்கிறோம்; அந்தப் பலனும் கடவுளுடைய கொடையே என்று சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பெரேயா அவர்களின் பகுப்பில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எல்லா வசனங்களும் அப்படி இரண்டு கூடையில் விழுவதில்லை. யாக்கோபு 2:24 "நம்பிக்கையினால் மட்டுமல்ல" என்று சொல்லும்போது ஏற்புடைமையைப் பற்றித்தான் பேசுகிறது, பிந்திய நடத்தையைப் பற்றி மட்டும் அன்று. மத்தேயு 25-இல் செம்மறிகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்படுவது பசித்தவருக்கு உணவு கொடுத்ததை வைத்து. உரோமையர் 2:6-ம் அவரவர் செயலுக்கேற்ற தீர்ப்பைத்தான் சொல்கிறது. கலாத்தியர் 5:6 தரும் "அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கை" என்பதே எங்களுக்கு மையம்.

இன்னொன்றும் வகுப்பில் சொல்லுங்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே பொருள்பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. எங்கள் தகுதி எதையும் வைத்து அல்லாமல், அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு சாராரும் சேர்ந்து அதில் அறிக்கையிட்டனர். 2006-இல் மெதடிஸ்ட் பேரவையும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியமும் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. மிச்சமிருப்பவற்றை எண்ணியே வைத்திருக்கிறது.

—

பெரேயா:

அருள்வழி ஐயா, நன்றி. திரெந்தைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் படிக்கவேண்டும்.

யாக்கோபைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவர் ஆபிரகாமை எடுக்கிற இடம் ஆதியாகமம் 22, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்தது. பவுல் எடுப்பது 15:6. யாக்கோபு 2:23-ல் 15:6-ம் வருகிறது; 22-ம் அதிகாரத்தில் அந்த வேதவாக்கியம் நிறைவேறிற்று என்கிறார். நீதியாக எண்ணப்பட்ட விசுவாசம் வருஷங்கள் கழித்து மலையின்மேல் தன்னைக் காட்டியது என்று நான் வாசிக்கிறேன். யாக்கோபு எதிர்க்கும் விசுவாசம் எப்படிப்பட்டது என்பதும் அங்கேயே இருக்கிறது: வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவனுடைய விசுவாசம் (2:15, 16), பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகிற விசுவாசம் (2:19). பவுல் விசுவாசம் என்று சொல்வது அதை அல்ல. ஆனால் எண்ணப்படும் நீதியா, பொழியப்படும் நீதியா என்பதில் நம்மிடையே உள்ளது நிஜமான கருத்து வேறுபாடு. அதை மூடி மறைக்காமல் வகுப்பில் அப்படியே வைப்பது நல்லது.

—

ஏட்டுவாசகன்:

இருவருக்கும் மிக்க நன்றி. எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்து வரப்போகிற கேள்வி எனக்கு இப்போதே தெரியும்: "சரி, நடக்கையில் பிரமாணத்துக்கு இடம் உண்டு என்றால் எந்தப் பகுதிக்கு? பன்றி இறைச்சி கூடும், விபசாரம் கூடாது என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?" ஓய்வுநாள், தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) இரண்டும் கட்டாயம் வரும்.

—

லேவிவாசல்:

ஒழுக்கப் பிரமாணம், சடங்குப் பிரமாணம், நாட்டு நீதிப் பிரமாணம் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை விரிவாக எழுதினார். சீர்திருத்த மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 19-ம் அதிகாரமும் அதே வழியில் போகிறது. உதவியான பகுப்புத்தான். ஆனால் வசனங்களுக்குப் பக்கத்தில் அந்த முத்திரை குத்தப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். லேவியராகமம் 19:18 "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்கிறது. அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த வஸ்திரம் உடுத்தக்கூடாது என்கிறது. நடுவில் கோடு எதுவும் இல்லை.

அதனால் தலைகீழாகப் போங்கள். ஒரு கட்டளையை எடுத்து, புதிய ஏற்பாடு அதை என்ன செய்கிறது என்று தேடுங்கள். பலிகள் கிறிஸ்துவின் ஒரே பலியில் முடிந்தன (எபிரெயர் 10:1-14). ஆகார விதிகளை மாற்கு 7:19-ம் அப்போஸ்தலர் 10-ம் தளர்த்துகின்றன. சில கட்டளைகள் ஆழமாக்கப்பட்டன, மத்தேயு 5-ல் போல. நாட்டுச் சட்டம் என்ன ஆகிறது என்பதற்கு 1 கொரிந்தியர் 5 மிக நல்ல உதாரணம். தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொள்வது லேவியராகமம் 20:11-ல் மரணதண்டனைக் குற்றம். பவுல் அதைப் பாவம் என்பதில் துளியும் இறங்கிவரவில்லை. தண்டனை மட்டும் மாறுகிறது: சபையைவிட்டு விலக்குதல், அதுவும் "ஆவி இரட்சிக்கப்படும்படி" என்ற நோக்கத்தோடு. கடைசியில் உபாகமத்தில் மரணதண்டனையோடு வரும் "பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்" என்ற வாசகத்தையே எடுத்து, அதைச் சபை ஒழுங்குக்குப் பொருத்துகிறார்.

விருத்தசேதனமும் ஒரு கட்டளைதான் என்பதை மறந்துவிட்டு 1 கொரிந்தியர் 7:19-ஐ வாசித்தால் அதன் கூர்மை தெரியாது: விருத்தசேதனம் ஒன்றுமில்லை, தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறதே காரியம். எந்தக் கற்பனை என்று பவுலுக்குத் தெளிவான ஒரு பிரிவினை இருந்தால் ஒழிய அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. 9:21-ல் அதைக் கிறிஸ்துவின் பிரமாணம் என்கிறார்.

இதோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தம் உடன் ஊழியரான தீத்துவுக்கு விருத்தசேதனம் பண்ண பவுல் சம்மதிக்கவில்லை (கலாத்தியர் 2:3-5). இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்குத் தாமே பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). முன்னுக்குப் பின் முரணா? தீத்துவின் விஷயத்தில், அது இல்லாமல் இரட்சிப்பு நிறைவாகாது என்று சிலர் வற்புறுத்தினார்கள். தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண். யூதர் நடுவே ஊழியத்துக்குத் தடை வரக்கூடாது என்பதற்காகச் செய்தார். இரட்சிப்புக்கு நிபந்தனை என்று வந்தால் ஒரு நாழிகையும் இணங்கவில்லை. அன்பினிமித்தம் என்றால் விட்டுக்கொடுத்தார். கிபி 49 வாக்கில் எருசலேமில் கூடிய ஆலோசனைக் கூட்டமும் (அப்போஸ்தலர் 15) இதே கோட்டில்தான் நடந்தது: புறஜாதியாருக்கு (யூதரல்லாதவருக்கு) விருத்தசேதனம் தேவையில்லை, ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இந்த நான்கையும் விலக்கவேண்டும். இவை லேவியராகமம் 17, 18-ல் இஸ்ரவேலின் நடுவே தங்கும் அந்நியருக்கும் சொல்லப்பட்டவற்றோடு ஒத்துப்போவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார இவ்வளவு வேண்டியிருந்தது.

ஓய்வுநாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாத்திராகமம் 31:13-17 அதை இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம் என்கிறது. கொலோசெயர் 2:16, 17 அதை நிழல் என்கிறது. ரோமர் 14:5 அவனவன் தன் மனதில் முழு நிச்சயம் கொள்ளட்டும் என்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மரபில் வந்தவர்கள் ஞாயிறே கிறிஸ்தவ ஓய்வுநாள் என்பார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையைக் காப்பார்கள். எந்த நிலைப்பாடானாலும் அதை இரட்சிப்பின் நிபந்தனையாக்கும்போதுதான் கொலோசெயர் 2 குறுக்கே நிற்கும். உபாகமம் 5:14, 15 சொல்லும் காரணத்தையும் விட்டுவிடாதீர்கள்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும்.

தசமபாகத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கவேண்டும், மனச்சாட்சிகள் அதிகம் காயப்படுவது இங்கேதான். பிரமாணத்தில் வருவதெல்லாம் ஒரே மாதிரித் தசமபாகம் இல்லை. எண்ணாகமம் 18:21-ல் வருவது நிலச் சுதந்தரம் இல்லாத லேவியருக்கு. அவர்கள் அதிலிருந்து பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுக்கவேண்டும் (18:26-28). உபாகமம் 14:22-27-ல் வருவதைக் கொடுப்பவனே குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும். தூரம் என்றால் பணமாக்கிக் கொண்டுபோகலாம். மூன்றாம் வருஷத்தில் வருவது (14:28, 29) லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். எல்லாம் தானியம், திராட்சரசம், எண்ணெய், கனி, ஆடுமாடு. மல்கியா 3:10-ன் பண்டசாலை ஆலயத்தின் தானிய அறைகள். நெகேமியா 13:12-ஐப் பாருங்கள்.

இதில் தவறு நடக்கும் இடம் மல்கியா 3:9-ன் சாபத்தை அப்படியே எடுத்து விசுவாசியின் தலைமேல் வைப்பது. பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து மீட்டுக்கொண்டார் என்று ஒரு ஞாயிறு பிரசங்கித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பத்துச் சதவீதம் கொடுக்காதவன் சாபத்துக்குள் இருக்கிறான் என்று பிரசங்கித்தால், முதல் ஞாயிறு சொன்ன சுவிசேஷத்தை நாமே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இது சின்ன விஷயம் இல்லை. ஏழை விதவை ஒருத்தி கடனுக்கு நடுவில் இதைக் கேட்டுவிட்டு எந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போவாள் என்று பிரசங்கிக்கிறவர் யோசிக்கவேண்டும். பிரமாணத்தின்படியே பார்த்தாலும் அவள் மூன்றாம் வருஷப் பங்கைப் பெறவேண்டியவள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கிருபை வந்ததால் கொடுக்கவேண்டியதில்லை என்பது. 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் ஒரு இடத்திலும் சதவீதம் சொல்வதில்லை. ஆனால் மக்கெதோனியர் தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள் என்கிறது (8:3), ஐசுவரியமுள்ளவர் நமக்காகத் தரித்திரரான கிருபையை அளவாக வைக்கிறது (8:9), விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்று முடிக்கிறது (9:7). பத்துச் சதவீதத்தை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அதை வரியாக வசூலிப்பதுதான் பிழை.

—

ஞானோபதேசம்:

மேலே சொன்னவற்றோடு ஒரு சின்னத் தகவல். சீர்திருத்த சபைகளுக்குள்ளேயே பிரமாணத்தை எங்கே வைப்பது என்பதில் அழுத்தம் வேறுபடுவதை அவர்களுடைய ஞானோபதேசங்களின் (கேள்வி-பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்களின்) வரிசையில் பார்க்கலாம். லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) பத்துக் கட்டளையில் தொடங்கி, அதன்பிறகு விசுவாசப் பிரமாணத்துக்குப் போகிறது: முதலில் குற்றம் காட்டப்படட்டும், பிறகு சுவிசேஷம். ஹைடல்பெர்க் ஞானோபதேசம் (1563) துயரம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகம். துயரப் பாகத்தில், உன் துயரத்தை எதிலிருந்து அறிகிறாய் என்று கேட்டு, தேவனுடைய பிரமாணத்திலிருந்து என்று பதில் சொல்லி, மத்தேயு 22-ன் இரண்டு அன்புக் கட்டளைகளை வைக்கிறது. பத்துக் கட்டளையின் விளக்கமோ மூன்றாம் பாகத்தில், நன்றியின் கீழ் வருகிறது. அதாவது பிரமாணம் அங்கே இரண்டு தரம் வருகிறது, இரண்டு வேலைக்கு. பெரேயா சொன்ன இரண்டு கேள்விகள் அந்த நூலின் அமைப்பிலேயே இருக்கின்றன.

லூத்தரின் பக்கத்திலும் மறுபிறப்பு அடைந்தவருக்குப் பிரமாணம் தேவையா என்ற சண்டை வந்தது. தேவையில்லை என்ற அக்ரிகோலாவை, தம் பக்கத்தவராக இருந்தும், லூத்தரே எதிர்த்து எழுதினார். 1577-ன் லூத்தரன் விசுவாச அறிக்கையான ஒருமைப்பாட்டு வாசகம் ஆறாம் பிரிவில், விசுவாசிகளுக்கும் அது வழிகாட்டியாகத் தேவை என்று முடிவு செய்தது.

—

ஏட்டுவாசகன்:

கடைசியாக ஒன்று. "இரட்சிக்கப்பட்ட பின்பு கீழ்ப்படிதல் வேண்டும்" என்று சொன்னதும் சிலருக்கு அதுவே மறுபடியும் நிபந்தனையாகிவிடுகிறது. ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் இரட்சிப்புப் போய்விட்டதோ என்று தவிக்கிறார்கள். இவர்களுக்கு என்ன சொல்வது? நான்கு வகுப்புகள் இருக்கின்றன. எதை எங்கே வைக்கலாம்?

—

பெரேயா:

அவர்கள் தவறிய பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பல பேர் ஜெபத்தை நிறுத்திவிடுவார்கள், சில நாள் ஒழுங்காக இருந்து காட்டிவிட்டு அப்புறம் தேவனிடம் போகலாம் என்று இருப்பார்கள். அந்தச் சில நாள் தவணைதான் பிரமாணத்தின் கிரியை. தன் நன்னடத்தையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வரமுடியும் என்று நினைக்கிறார்கள். 1 யோவான் 2:1-ஐ வாசிக்கவையுங்கள். பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்று முதலில் சொல்கிறது, ஒருவன் பாவஞ்செய்வானானால் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று உடனே சொல்கிறது. எபிரெயர் 4:16 தைரியமாய்க் கிட்டிச்சேரச் சொல்வது, ஏற்ற சமயத்தில் சகாயம் வேண்டியவர்களைத்தான். விழுந்த அன்றைக்கே போகச் சொல்லுங்கள். யாருக்காவது தீங்கு செய்திருந்தால் போய்ச் சரிசெய்வதும் அதோடு சேர்ந்தது. வரிவசூலித்த சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு.

குற்றம் உறுத்தாமல் தேறிவிட்டவர்களுக்கு இதே மருந்தைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு மத்தேயு 5-ஐயும் யாக்கோபு 2-ஐயும் கொடுங்கள். தவிக்கிறவனுக்குப் பிரமாணத்தையும் துணிகரமாய் இருக்கிறவனுக்கு ஆறுதலையும் கொடுப்பதுதான் போதிக்கிறவர்கள் அதிகம் செய்கிற பிழை.

வகுப்புகளுக்கு: முதல் வாரம் ஆதியாகமம் 15-17, சங்கீதம் 51, ரோமர் 4. இரண்டாம் வாரம் யாத்திராகமம் 19, 20, மத்தேயு 19, ரோமர் 7. மூன்றாம் வாரம் கலாத்தியரை முழுவதும் சத்தமாக வாசியுங்கள், ஆறு அதிகாரம்தான்; அதோடு அப்போஸ்தலர் 15. நான்காம் வாரம் லேவியராகமம் 19, யாக்கோபு 2, ரோமர் 8:1-4, 2 கொரிந்தியர் 8, 9. ஓய்வுநாள், தசமபாகக் கேள்விகள் முதல் வாரமே வரும். நான்காம் வாரத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரோமர் 4 முடியாமல் அதில் இறங்கினால் விவாதம் சதவீதத்தைவிட்டு வெளியே வராது.